சுவர்க்காரி குடிக்கும் பால்

சுகாதார நிலையத்துச் சுவரில் "தினமும் பால் குடிப்போம்" என்று எழுதி, பக்கத்தில் தன் மகளையே டம்ளரும் கையுமாக வரைந்து வைத்திருக்கிறார் பெயின்டர். காலை வெயிலில் பார்த்தால், டம்ளரில் பால் இன்றைக்கும் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. வழக்கம்போல் வெள்ளை பெயின்டைக் குழைத்து நிரப்புகிறார். படத்திலிருக்கும் சுவர்க்காரிக்குக் கன்னம் நாளுக்கு நாள் உப்பிக்கொண்டே போகிறது. அதே சுவரோரம் எடை மெஷினில் ஏறி நிற்கும் மகளுக்கோ முள் இந்த வாரமும் கீழே இறங்குகிறது. "பால் புள்ளைக்குக் குடுக்குறீங்களா, இல்ல சுவத்துக்கு மட்டும்தானா?" என்கிறாள் நர்ஸ். "நான் குடிக்கிறேங்க்கா. ஆனா அவ வயித்துக்குத்தான் போகுது," என்று மகள் படத்தைக் காட்டுகிறாள். பெயின்டர் கறுப்பு பெயின்ட் டப்பாவைத் திறந்து, டம்ளரை அழிக்கப் பிரஷ்ஷை ஓங்குகிறார். சுவர்க்காரி அவரைப் பார்த்தபடியே டம்ளரை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கிறாள்.