காப்புக் கட்டிய கை

முதலாளி திருமூர்த்தி கயிற்றைச் சுண்டினார். பூக்கள் உதிர்ந்தன. கொடி விரிந்தது.

கை தட்டப் போனவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பச்சை மேலே இருந்தது. காவி கீழே.

முதலிபாளையத்தின் அந்தப் பனியன் கம்பெனி வாசலில் எல்லோரும் கொடியையே அண்ணாந்து பார்த்தார்கள். மிட்டாய்த் தட்டு வைத்திருந்தவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த முதலாளியின் மச்சினன் சதீஷ்குமார்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"யாருங்க கொடியைக் கட்டுனது?"

"வருசா வருசம் கட்டிங் மாஸ்டர்தானுங்க கட்டுவாரு" என்றது ஒரு குரல்.

எல்லாத் தலைகளும் நஜீமுதீன் பக்கம் திரும்பின.

"அதானே பார்த்தேன்" என்றான் சதீஷ்குமார். "பச்சை தெரியாமத்தான் மேல வந்துச்சுன்னு நம்பச் சொல்றீங்களா பாய்? இதை குரூப்புல போட்டா அரை மணி நேரத்துல கம்பெனி கேட்டு முன்னால கூட்டம் கூடிரும். அப்புறம் போலீஸ்ல போய்ப் பதில் சொல்லிக்குங்க."

நஜீமுதீன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கொடிக்கம்பத்தைப் பார்த்தார்.

சதீஷின் கட்டைவிரல் செல்போன் மேலேயே நின்றது.

"நான்தானுங்க கட்டுனேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் முத்தாத்தாள். செக்கிங் பிரிவில் நூல் பிசிறு வெட்டுகிறவள். இந்த வருடம் சுதந்திர தினமும் ஆடிக் கடைசி வெள்ளியும் ஒரே நாளில் வந்திருந்தன. சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுக்க விரதம் இருந்தாள்.

"பூ வெச்சுக் கட்டுனது நானுங்க. எது மேல, எது கீழன்னு எனக்குத் தெரியலீங்க."

"பாயைக் காப்பாத்தப் பார்க்கறியா?"

அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

"ஆத்தா மேல சத்தியமுங்க."

காப்புக் கட்டிய கையோடு இந்தப் பக்கம் யாரும் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். சதீஷும் செல்போனை இறக்கினான். சிரித்துவிட்டான்.

"சரி விடுங்க, படிக்காத பொம்பளை" என்று வீடியோவை அழித்தான்.

கொஞ்சம் முன்னால்வரை தேசத் துரோகமாக இருந்தது, இப்போது வெறும் கவனக்குறைவு ஆகிவிட்டது. கொடியை இறக்கித் திருப்பிக் கட்டி ஏற்றினார்கள். மிட்டாயும் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் நஜீமுதீன் அவளிடம் வந்தார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? காப்புக் கட்டிக்கிட்டுப் பொய்ச் சத்தியம் பண்ணலாமா?"

"கொரோனாவுல எங்க ஊட்டுக்காரரு செத்தப்ப சொந்தபந்தம் ஒருத்தரும் கிட்ட வரலீங்க பாய். நோன்பு வெச்ச வயித்தோட வந்து தூக்கிட்டுப் போய் அடக்கம் பண்ணுனது நீங்க. அதை மறந்துட்டு நான் எந்தச் சாமியைக் கும்பிட்டு என்னங்க?"

பேசிக்கொண்டே காப்பை அவிழ்த்தாள்.

"அதை ஏனுங்க அவுக்கறீங்க?"

"பொய் சொன்ன கையில சட்டி எடுத்தா ஆத்தா பொறுக்க மாட்டாங்க. இதுக்குத்தான் வருசம் பூராவும் காத்துக் கெடந்தேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலாளி அந்தப் பக்கமாக வந்தார். அவர் கையிலும் காப்பு இருந்தது.

"தெரியாமச் செஞ்ச தப்புக்கு எதுக்கு அழுவறே முத்தாத்தா? உண்மையை ஒத்துக்கிட்டே பாரு, ஆத்தா மன்னிச்சிருவா. சாயங்காலம் சட்டி எடுக்கறப்ப உனக்காகவும் வேண்டிக்கறேன்."

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார். முத்தாத்தாள் அவர் போன பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

"நல்ல மனுசனுங்க. ஒரு வார்த்தை திட்டலை பாருங்க. அது கெடக்கட்டும், இத்தனை வருசமாக் கட்டறவரு, இன்னிக்கு எப்படிங்க பாய் மாத்திக் கட்டுனீங்க?"

நஜீமுதீன் அவள் அவிழ்த்துப் போட்ட மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கட்டலீங்கக்கா. 'அமெரிக்கா ஆர்டர் கை நழுவாம நின்னுச்சு, ஆத்தாளுக்கு நன்றியா இந்த வருசம் கொடியை நானே கட்டறேன்'னு காலையில எங்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போனது நம்ம முதலாளிதானுங்க."