குப்பையில்லாத கம்பெனி

ஞாயிற்றுக்கிழமை காலையில், பச்சை டீ-ஷர்ட் போட்ட ஆபீஸ் ஆட்களோடு பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த சுப்ரஜாவுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

கரையோர வீட்டுக் கன்னியம்மாவிடம் பாய்ந்தாள். "ஏரியைக் குப்பைமேடா ஆக்கி வெச்சிருக்கீங்களே, வெட்கமா இல்ல? எங்க ஆபீஸ்ல ஒரு துண்டு பேப்பர் பார்க்க முடியாது, தெரியுமா?"

"இன்னாம்மா, எங்க மேல எகிர்றே? சாயங்காலமானா வண்டியில வந்து, பையோட வீசிட்டுப் பறக்கறது நாங்களா?"

"யாருன்னு காட்டுங்க. போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேன்!"

கன்னியம்மாவின் விரல் பச்சை டீ-ஷர்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிக்கொண்டே போனது. "இதோ, புடிச்சுக் குடு."

அவரவர் குப்பையை அவரவரே வீட்டுக்கு எடுத்துப்போகட்டும் என்று ஆபீஸ் குப்பைத்தொட்டிகளை மொத்தமாகத் தூக்க வைத்து, போன மாதம் விருது வாங்கியவள் சுப்ரஜாதான்.