ஒரு மெகாபிட் போதும்

தங்கை வாங்கி வந்த ஃப்ளாஷ் மெமரி சிப்பைப் பார்த்ததும், தன்னைத் தவிர உலகமே மக்கு என்று நினைக்கும் என்ஜினீயர் அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“வெறும் ஒரு மெகாபிட்டா? இதுகூடத் தெரியாதா உனக்கு? என் ரோபோவுக்கு நூத்தியிருபத்தெட்டு போட்டிருக்கேன்!”

“எனக்கு இது போதும்ணா.”

“இத்துனூண்டுல என்னத்தைச் சேமிக்கப் போற? உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?”

அவள் சிப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் ஒரு குட்டிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் இளக்காரமாக அதன் பொத்தானை அழுத்தினான்.

“இதுகூடத் தெரியாதா உனக்கு?” என்றது பெட்டி. அவனுடைய குரலேதான். பதறிப்போய் மறுபடி அழுத்தினான்.

“உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?”

அம்மா குபீரென்று சிரித்துவிட்டாள்.

“இத்தனை வருஷமா நீ என்கிட்ட பேசினது மொத்தமும் இதுல இருக்குண்ணா,” என்றாள் தங்கை. “பாதி இடம் இன்னும் காலியாத்தான் கிடக்கு.”