மோர் வரும் வரை

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டுக்குப் பின்னால் குடியிருந்த பெருச்சாளிக்கு நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. புளித்த ஏப்பம் விட்டபடி வேப்பமரத்து அணிலிடம் போய் நின்றது.

"இன்னைக்கு ஒரு வேளை வயித்தைக் காயப் போடுங்கண்ணே. ஒரு வாய் மோர் மட்டும் குடிங்க, தணிஞ்சிடும்" என்றது அணில்.

"மோர்தானே? இதோ" என்று பெருச்சாளி ஓடிப்போய்ப் பந்தி மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது.

திரும்பி வந்தபோது அதனால் நடக்கவே முடியவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து விழுந்தது.

"மோர் குடிச்சீங்களா, இல்லையா?"

"எங்கேடா குடிக்கிறது? சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம் எல்லாம் முடிஞ்சு கடைசியிலதானே மோர் ஊத்துறாங்க! பந்தின்னா ஒரு முறை இருக்குல்ல? மோர் வந்தப்போ வயித்துல இடமே இல்லை."

"ஐயோ, இனிமே எதையும் தொடாதீங்கண்ணே" என்று அணில் கெஞ்சியது.

உள்ளே அடுத்த பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது. பெருச்சாளி முக்கி முனகி எழுந்து நின்றது.

"சும்மா இருடா. வைத்தியத்தைப் பாதியில விடக் கூடாது."