மேசைக்கு அடியில்

நீலத்தையும் சாம்பலையும் மாறி மாறித் தடவிப் பார்ப்பதிலேயே அந்தத் தம்பதிக்கு அரை மணி நேரம் போய்விட்டது.

திரைச்சீலைக் கடைக்காரர் சாம்பல் துணியை மட்டும் சுருட்டி மேசைக்கு அடியில் மெல்லத் தள்ளினார்.

அந்தப் பெண் நீலத்தைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். புருஷனின் முதுகுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள்.

"இங்க இருந்த சாம்பல் கலர் எங்கங்க?"

"பன்னிரண்டு மீட்டர் வெட்டிடலாமாம்மா?" என்றார் கடைக்காரர்.

இதுதான் அவருடைய வித்தை. இரண்டுக்கு நடுவே தவிப்பவர் கண்ணிலிருந்து ஒன்றை மறைத்துவிட வேண்டும். தேடினால் அதுதான் வேண்டும். தேடாவிட்டால் மற்றது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை.

கேட்பவர்களிடம் இது தன் சொந்தச் சரக்கு என்பார். உண்மையில், கல்யாணமாகிக் கடைக்கு வந்த முதல் மாதமே மனைவி சொல்லிக்கொடுத்தது.

துணி வெட்டும்போது கூடவே ஒரு கதையும் சொல்வார். அது இலவசம்.

"யோசிச்சுக்கிட்டே இருந்தா கை நழுவிடும் சார். என்னையே எடுத்துக்குங்க. இவளைக் கட்டிக்கலாமா வேண்டாமான்னு ஆறு மாசம் இழுத்தேன். ஒரு நாள் மத்தியானம் இவ தோழி வந்து, மரக்கடைக்காரர் பையனுக்குப் பேசி முடிச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போறா. விழுந்தடிச்சு ஓடினேன். இவ வீட்டு வாசல்ல நிக்கும்போது கால்ல ஒத்தைச் செருப்புதான் இருந்துச்சு."

மேசையின் மறுகோடியில் மனைவி திரை வளையங்களை எண்ணாமலே டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையை அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை.

தம்பதி துணியோடு இறங்கிப் போனார்கள். கடைக்காரர் தன் நோட்டை எடுத்தார். அதுவரை இருந்த முகக்களை எங்கேயோ போய்விட்டது.

மகள் வீட்டின் கீழ்த்தளம் காலியாகியிருக்கிறது. கடையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள் என்று ஒன்றரை மாதமாகக் கேட்கிறாள். வேறொரு குடும்பமும் அந்த வீட்டுக்கு அலைகிறது. இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் கடை, வாடிக்கை, தெருவில் நாலு பேர் போடும் வணக்கம். அந்தப் பக்கம் இரட்டைப் பேத்திகள். தாத்தா என்பவர் போனுக்குள் குடியிருக்கும் ஆள் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள்.

இந்த ஒன்றரை மாதத்தில் முடிதிருத்துபவரிடம் கேட்டார். போங்க என்றார். பக்கத்து மெத்தைக் கடைக்காரரும் போங்க என்றார்; ஆனால் அவருக்கு இந்தக் கடைமேல் ஒரு கண். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார். அவர் மரத்துப்போக இன்னொரு ஊசி போட்டார்.

"என்னங்க" என்றாள் மனைவி. "பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். கீழ்வீட்டை அவங்களுக்கே குடுத்துடுன்னு."

நியாயமாகப் பார்த்தால் கடைக்காரருக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

"கீழ்வீட்டையா?"

"வேற எதை? நீங்கதான் ஒன்றரை மாசமா நோட்டைக் கட்டிக்கிட்டு அழுறீங்களே."

"யாரைக் கேட்டுச் சொன்ன? மேற்கு ஜன்னல் நாலடிக்கு அஞ்சரை. பிள்ளைங்க மத்தியானம் இறங்கி வந்து தூங்கினா மூஞ்சியில வெளிச்சம் அடிக்கக் கூடாதுன்னு உள்பக்கம் இன்னொரு துணி குடுத்துத் தைக்கணும். மாப்பிள்ளைகிட்ட அளவெல்லாம் வாங்கிட்டேன். மஞ்சள் துணியை யாருக்கும் விக்காம ஒதுக்கி வச்சிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

நோட்டின் கடைசிப் பக்கம் தானாகத் திறந்துகொண்டது. கீழ்வீட்டின் ஆறு ஜன்னல்களும் அங்கே உயரம், அகலம், நிறத்தோடு வரிசையாக நின்றன. அந்தப் பக்கத்தில் நடுக்கோடு இல்லை.

"இப்பவே போனைப் போடு. அவங்க சாமானை இறக்கிடப்போறாங்க."

மனைவி மேசைக்கு அடியிலிருந்து கையை வெளியே எடுத்தாள். கையில் போன் இருந்தது.

"நான் இன்னும் பேசவே இல்லைங்க. நீங்களே சொல்லிடுங்க."

கடைக்காரர் போனைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். அவர் கடையில், அவர் மேசையில், அவரிடமே வியாபாரம் முடிந்திருக்கிறது. மெத்தைக் கடை வரை கேட்கும்படி சிரித்தார்.

மகள் போனை எடுத்து "அப்பா" என்பதற்குள், கிழக்கு ஜன்னலில் தொடங்கி மேற்கு ஜன்னலுக்குப் போய்விட்டார். மறுமுனையில் இரண்டு வாண்டுகள் கத்திய கத்தலில் நடுவில் இருந்த ஜன்னல்கள் காணாமல் போயின.

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றது.

அந்த மத்தியானம். அந்தத் தோழி. ஒத்தைச் செருப்பு.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "அந்த மரக்கடைக்காரர் பையன்... கடைசியில யாரைக் கட்டினான்?"

மனைவி, யாரும் தேடாத நீலத் துணியை நான்காக மடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மரக்கடை?" என்றாள்.