விட்டுப்போன பாகம்

"மொதப் பாகத்தைக் கையில குடுத்துட்டு ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தா என்ன அர்த்தம்? மிச்சப் பாகம் வந்தாகணும். நான் விடுறதா இல்ல."

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாரிக்கண்ணன் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய ஒரே தங்கை தங்கச்செல்வி.

தங்கைக்குப் பொங்கல் படி கொடுக்க எம்.ரெட்டியபட்டியிலிருந்து பாலவனத்தத்துக்கு மொபெட்டில் வந்திருந்தார். தோளில் கரும்புக் கட்டு. கையில் இருந்த பையில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து எல்லாம் இருந்தன.

"எல்லாத்தையும் ஒரே ஆளு சுருட்டி வச்சிருக்காரு, சார். கையெழுத்தில்லாமலா எடுத்திருப்பாரு? ரிஜிஸ்டரைப் புரட்டுங்க, ஆளு யாருன்னு தெரிஞ்சுபோயிரும்."

தன்னைத்தான் சொல்கிறாள் என்று மாரிக்கண்ணன் கதவோரம் ஒட்டி நின்றார்.

"எனக்காகக் கேக்கலை, சார். புள்ளைகளுக்கு வெவரம் வந்துருச்சு. மிச்சப் பாகம் எங்கன்னு தெனமும் வந்து நிக்குதுக. நான் என்ன பதில் சொல்ல?"

வக்கீலிடம்தான் பேசுகிறாள். சந்தேகமே இல்லை. கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாளே என்று மனதுக்குள் பொருமினார்.

அவளுக்கு என்ன குறை வைத்தார்? வருடம் தவறாமல் பொங்கல் படி, தீபாவளிக்குச் சேலை. அவளும் அண்ணன் சொல்லைத் தட்டியதில்லை. பிள்ளைகளின் நோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் சிவப்பு மையில் சுழிக்கிற டீச்சர்தான். ஆனால் அப்பா இறந்த வருடம் பத்திர ஆபீசில், அண்ணன் விரல் வைத்த இடத்தில் எல்லாம் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தங்கச்சியா இப்படிப் பேசுகிறாள்?

கரும்புக் கட்டைத் தடாலென்று கீழே போட்டார்.

"ஏத்தா, நல்லாயிருக்கா ஒனக்கு? படி கொண்டாந்தவன் வாசல்ல நிக்கேன். நீ உள்ள ஒக்காந்து, பாகம் கேட்டு வக்கீலுக்குப் போன் போடுற!"

"வாங்கண்ணே... என்னது, வக்கீலா?" தங்கச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் நிறுத்துவதாக இல்லை.

"விட்டுக்குடுத்தேன்னு நீதான கையெழுத்துப் போட்ட? இத்தன நாள் கழிச்சு எவன் ஒனக்குச் சொல்லிக் குடுத்தான்? பதிஞ்சது பதிஞ்சதுதான். நாலு குறுக்கம் நெலத்துல ஒரு சாண் பேராது!"

"ஐயோ அண்ணே, மொதல்ல ஒக்காருங்க. அவுக வக்கீல் இல்ல. டவுனு லைப்ரரி ராமசுப்பு சார்."

மேசையில் கிடந்த தடித்த புத்தகத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அட்டையில் குதிரையும் வாளும். அதற்குக் கீழே 'முதல் பாகம்' என்று போட்டிருந்தது.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைக என்ன படிக்கலாம்னு நான்தான் லிஸ்ட் போட்டுக் குடுத்தேன். ஆறாங்கிளாஸுக்குக் கப்பல் கதை, ஏழாங்கிளாஸுக்குப் புதையல் தேடிப் போற கதை, எட்டுக்கு இந்தச் சரித்திரக் கதை. இப்பச் செல்போனைத் தொடாம இதையே படிக்குதுக. எவரோ ஒருத்தரு ரெண்டாம் பாகத்தையும் மூணாம் பாகத்தையும் எடுத்துட்டுப் போயி ரெண்டு வருசமாத் திருப்பித் தரலை."

மாரிக்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் சாய்ந்து, அவள் கொடுத்த செம்புத் தண்ணீரை வாங்கிக்கொண்டார்.

"கதைப் புஸ்தகமா? நாந்தேன் கிறுக்கன். அந்த ஆளை எதுக்குத் தேடணும்? மூணு பாகத்தையும் புதுசா வாங்கிருவோம். எங்கண்ணன் வாங்கிக் குடுத்தாகன்னு புள்ளைகட்டச் சொல்லு. ஆமா, அப்படி என்னதேன் கதை?"

கதை என்றதும் தங்கச்செல்விக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ரெண்டு இளவரசருக. படைக்கு நெல்லு அனுப்புற ஓலைன்னு சொல்லி அண்ணங்காரரு ஒண்ண நீட்டுவாரு. தம்பி அதை வாசிச்சுக்கூடப் பாக்காம முத்திரை மோதிரத்தை அமுத்திருவாரு. அத்தோட மொதப் பாகம் முடிஞ்சிரும். புள்ளைக எங்கிட்டச் சண்டைக்கு வருதுக. வாசிக்காம எவனாச்சும் முத்திரை வைப்பானா டீச்சர், அவன் என்ன கூமுட்டையான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நீட்டுனது கூடப் பொறந்த அண்ணன்ல, அதான் வாசிக்கலைன்னு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள். வாசலில் சிதறிக் கிடந்த கரும்பைப் பார்த்தாள். புத்தகத்தை மெல்ல மேசையில் வைத்தாள்.

"ஏண்ணே, அப்பா எல்லாத்தையும் ஒங்க பேருக்கே எழுதி வச்சுட்டாகன்னுதான சொன்னீக? நான் போட்டது வெறும் சாட்சிக் கையெழுத்துன்னீக. இப்ப விட்டுக்குடுத்த கையெழுத்துங்கிறீக."

மாரிக்கண்ணன் செம்பை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அதில் தண்ணீர் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"அப்ப எனக்கும் ஒரு பாகம் இருந்துச்சாண்ணே?"