பூண்டு மூட்டைக்கு அடிச்ச காத்து

மலைக்கிராமமான கவுஞ்சியில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மேகத்துக்குள்ளிருந்து கசியும் வெளிச்சம் டிரெய்லரின் நனைந்த தகரத்தில் மங்கலாகப் படிகிறது. மண் சரிந்த பாதையில் அமரர் ஊர்தி ஏறாது. சோலைமலையின் உடலை அவர் பிறந்த அய்யம்பாளையத்துக்கு டிராக்டரில்தான் கொண்டுபோக வேண்டும். அவருடைய தம்பி தனசேகர் டிரெய்லரின் இரண்டு டயர்களையும் இரும்புக் கம்பியால் தட்டிப் பார்க்கிறான். கணீரென்கின்றன. "கல்லு மாதிரி கெடக்கு, மதினி. வெள்ளனே கெளம்பிரலாம்." அமிர்தவல்லி கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்து கட்டைவிரலால் டயரை அழுத்துகிறாள். "இது பூண்டு மூட்டைக்கு அடிச்ச காத்துப்பா. அவரை ரொம்பக் குலுக்கும். கொஞ்சம் எறக்கு." அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்தி அவளைப் பார்க்கிறார்கள். தனசேகர் குத்தவைத்து, ஆணி முனையால் வால்வை அழுத்துகிறான். வாசல் முழுக்க அந்தச் சீறல் மட்டும் கேட்கிறது. ஈரமண்ணில் டயர் மெல்லத் தணிகிறது. அடுத்த டயருக்கு நகர்ந்தவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்; தோள்கள் குலுங்குகின்றன. விரல் வால்விலேயே இருக்கிறது. அமிர்தவல்லி குனிந்து அவன் கையை விலக்குகிறாள். "போதும் தம்பி. இதுக்கு மேல எறக்கினா வளைவுல வண்டி சாஞ்சிரும். நீயாச்சும் பத்திரமாத் திரும்பி வரணும்."